பிரஷர் மாத்திரையும் கிட்னியும்: சர்க்கரை உள்ளவர்கள் எதைப் பார்க்க வேண்டும், எந்த நாளில் நிறுத்த வேண்டும்

சர்க்கரை நோய் வந்து சில வருடம் ஆனவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரு பயம் தவறாமல் வெளியே வரும்: பிரஷர் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டால் கிட்னி போய்விடும். தெரிந்தவர் யாருக்கோ டயாலிசிஸ் நடக்கிறது, அவர் பத்துப் பன்னிரண்டு வருடமாக மாத்திரை சாப்பிட்டவர், ஆகவே மாத்திரைதான் காரணம் என்று கணக்கை முடித்துவிடுகிறார்கள். அந்த வருடங்கள் முழுக்க அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, பிரஷரும் இருந்தது என்பது கணக்கில் வருவதே இல்லை. கிட்னியை அரிக்கிற இரண்டு பெரிய காரணங்கள் அவைதான். மாத்திரை பெரும்பாலும் அந்த அரிப்பைத் தாமதப்படுத்திக்கொண்டுதான் இருந்திருக்கும்.

அதற்காக அந்தப் பயம் முழுக்கக் கற்பனை என்றும் சொல்ல மாட்டேன். நல்ல மாத்திரையையே தவறான நாளில் விழுங்கினால் கிட்னிக்கு அடி விழும், அது எந்த மாதிரி நாள் என்பதைப் பலருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை. இன்னொன்றும் சொல்லித் தருவதில்லை: பிரஷர் மெஷினில் வருகிற எண்ணை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் கிட்னிக்கு என்ன ஆகிறது என்று தெரியாது. சிறுநீரில் ஆல்புமின் எவ்வளவு போகிறது என்று சேர்த்துப் பார்த்தால்தான் தெரியும்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒவ்வொரு கிட்னியிலும் ஏறக்குறைய பத்து லட்சம் நுண்ணிய வடிகட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நூலைவிட மெல்லிய ரத்தக்குழாய்களின் ஒரு சிறு முடிச்சு. ரத்தம் உள்ளே வர ஒரு குழாய், வெளியே போக ஒரு குழாய். சர்க்கரை கூடும்போது உள்ளே வரும் குழாய் விரிந்துகொடுக்கிறது. வெளியே போகும் குழாயை ஆஞ்சியோடென்சின்-2 என்ற ஹார்மோன் இறுக்கிப் பிடிக்கிறது. தண்ணீர்க் குழாயின் முனையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு குழாயை இன்னும் திறந்துவிட்டால் எப்படியோ அப்படி நடுவில் அழுத்தம் ஏறுகிறது. ஆரம்பத்தில் கிட்னி அளவுக்கு மேல் வடிகட்டும், ரிப்போர்ட் எல்லாம் பிரமாதமாக இருக்கும், நமக்கும் சந்தோஷமாக இருக்கும். அந்த அழுத்தத்தில்தான் வடிகட்டியின் சுவர் மெல்ல மெல்லச் சேதமாகி, ரத்தத்திலேயே இருக்க வேண்டிய ஆல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசிய ஆரம்பிக்கிறது.

கையில் பட்டை கட்டிப் பார்க்கிற பிரஷர் வேறு, இந்த வடிகட்டிக்குள் இருக்கிற பிரஷர் வேறு. முதலாவதைக் குறைக்க நிறைய மாத்திரைகள் இருக்கின்றன. இரண்டாவதையும் சேர்த்துக் குறைப்பவை சில மட்டும்.

எந்த மாத்திரை அந்த வேலையைச் செய்கிறது

உங்கள் மாத்திரை அட்டையைத் திருப்பி, பிராண்ட் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கிற மருந்தின் பெயரைப் படியுங்கள். ரமிப்ரில், எனலாப்ரில், லிசினோப்ரில், பெரிண்டோப்ரில் என்று 'ப்ரில்' என முடிந்தால் அது ஆஞ்சியோடென்சின்-2 உருவாவதையே குறைக்கும் ரகம். டெல்மிசார்டன், லோசார்டன், ஒல்மிசார்டன், இர்பசார்டன் என்று 'சார்டன்' என முடிந்தால் அந்த ஹார்மோன் போய் ஒட்டும் இடத்தை அடைக்கும் ரகம். வழி வேறாக இருந்தாலும் இரண்டும் வெளியே போகும் குழாயின் பிடியைத் தளர்த்தி, வடிகட்டிக்குள் அழுத்தத்தை இறக்குகின்றன.

இது வெறும் தியரி இல்லை. முதல் வகைச் சர்க்கரை நோயாளிகளிடம் கேப்டோப்ரில் கொடுத்து நடத்திய ஆய்வு 1993-ல் வந்தது. கிரியேட்டினின் (கிட்னி வடிகட்டி வெளியேற்ற வேண்டிய கழிவு, ரத்தத்தில் அது கூடினால் கிட்னியின் திறன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம்) இரட்டிப்பாகும் அபாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. (கேப்டோப்ரிலுக்கு வழிகாட்டியது பிரேசிலில் இருக்கும் ஒரு விரியன் பாம்பின் விஷம் பற்றிய ஆராய்ச்சி. அந்தப் பாம்பு கடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும், அது ஏன் என்று தேடப்போய்க் கிடைத்த மருந்து.) இரண்டாம் வகைச் சர்க்கரைக்கு 2001 முக்கியமான வருடம். லோசார்டனை வைத்து ரெனால் என்ற ஆய்வும், இர்பசார்டனை வைத்து ஐடிஎன்டி என்ற ஆய்வும் அந்த வருடம்தான் வெளிவந்தன. எனக்கு மிகவும் பிடித்தது இரண்டாவது. அதில் ஒரு குழுவுக்கு இர்பசார்டன், இன்னொரு குழுவுக்கு அம்லோடிபின், மூன்றாவது குழுவுக்கு வெற்று மாத்திரை. மற்ற மருந்துகளைச் சேர்த்து எல்லோருக்கும் பிரஷரை இறக்கப் பார்த்தார்கள். இர்பசார்டன் குழுவுக்கும் அம்லோடிபின் குழுவுக்கும் பிரஷர் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. ஆனால் கிட்னி பாதுகாப்பு கிடைத்தது இர்பசார்டன் குழுவுக்கு. கிட்னி விஷயத்தில் அம்லோடிபின் குழு வெற்று மாத்திரைக் குழுவைவிட மேலாக இல்லை. மெஷினில் ஒரே எண், உள்ளே வேறு கதை.

இதைப் படித்துவிட்டு அம்லோடிபினைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிரஷரை இறக்குவதும் கிட்னிக்கு நல்லதுதான், அதில் அது கெட்டிக்கார மருந்து. சர்க்கரையும் கிட்னி பாதிப்பும் உள்ளவர்களுக்கு ஒரு மாத்திரையில் பிரஷர் அடங்குவது அபூர்வம், இரண்டு மூன்று சேர்வதுதான் வழக்கம். சிறுநீரில் ஆல்புமின் போகிறவருக்கு ப்ரிலோ சார்டனோ அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். இல்லை என்றால் ஏன் இல்லை என்று டாக்டரிடம் கேளுங்கள். நியாயமான காரணம் இருக்கலாம்: முன்பு இந்த மாத்திரையால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருக்கலாம், கிட்னிக்குப் போகும் பெரிய ரத்தக்குழாய்களில் அடைப்பு இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

எல்லோருக்கும் இது தேவையா? தேவையில்லை. பிரஷரும் சரியாக இருக்கிறது, ஆல்புமினும் கசியவில்லை என்றால், சர்க்கரை இருக்கிறது என்பதற்காக மட்டும் முன்னெச்சரிக்கையாக இவற்றைச் சாப்பிடுவதில் கிட்னிக்கு லாபம் இல்லை. முதல் வகைச் சர்க்கரை உள்ளவர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்து 2009-ல் வெளியிட்டார்கள். கிட்னிக்குப் பலன் தெரியவில்லை. நண்பருக்கு டெல்மிசார்டன் கொடுத்திருக்கிறார்கள், நானும் ஆரம்பிக்கட்டுமா என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

முதலில் சிறுநீர்ப் பரிசோதனை

வருடா வருடம் கிரியேட்டினின் பார்க்கிறேன், நார்மல்தான் என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். கிரியேட்டினின் ஒரு சோம்பேறி எண். கிட்னியின் திறனில் கணிசமான பங்கு, சிலருக்குப் பாதி வரைகூட, போன பிறகுதான் அது நார்மல் கோட்டைத் தாண்டும். ஆல்புமின் கசிவு அதற்கு வருடங்கள் முன்பே தெரிந்துவிடும். ஆகவே லேபில் ரத்தம், சிறுநீர் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள்: ரத்தத்தில் கிரியேட்டினின், அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (கிட்னி ஒரு நிமிடத்தில் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற மதிப்பீடு), சிறுநீரில் ஆல்புமின்-கிரியேட்டினின் விகிதம், சுருக்கமாக ஏசிஆர். 24 மணி நேரச் சிறுநீரைக் கேனில் சேர்த்துக் கொண்டுபோகிற அவஸ்தை இதற்கு வேண்டாம், ஒரு தடவை கொடுக்கும் சிறுநீர் போதும். காலையில் எழுந்தவுடன் போகும் முதல் சிறுநீராக இருந்தால் இன்னும் நல்லது. ஸ்ட்ரிப்பை முக்கிப் பார்த்துவிட்டு 'புரதம் இல்லை' என்று எழுதித் தருகிற சாதாரண சிறுநீர்ப் பரிசோதனையை இதற்குப் பதிலாக எடுத்துக்கொள்ள முடியாது, ஆரம்பக் கசிவை அது கோட்டைவிட்டுவிடும்.

ஏசிஆர் 30-க்குக் கீழே இருந்தால் நல்லது. 30 முதல் 300 வரை என்றால் கசிவு ஆரம்பித்துவிட்டது. 300-க்கு மேல் என்றால் நன்றாகவே கசிகிறது. (ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு இத்தனை மில்லிகிராம் ஆல்புமின் என்ற அளவில் இந்த எண்கள். சில லேப்கள் மில்லிமோலில் கொடுப்பார்கள், அதில் 30-க்குப் பதில் 3, 300-க்குப் பதில் 30 என்று வரும். அலகைப் பார்க்காமல் பயப்படவும் வேண்டாம், சந்தோஷப்படவும் வேண்டாம்.)

ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து முடிவுக்கு வராதீர்கள். இந்த எண் ஆடும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, முந்தின நாள் கடுமையான உடற்பயிற்சி, மாதவிடாய், சர்க்கரையோ பிரஷரோ ரொம்ப எகிறியிருந்த நாள், இவை எல்லாமே அதை ஏற்றிக் காட்டும். மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் மூன்று முறை எடுத்து, அதில் இரண்டாவது கூடுதலாக இருந்தால்தான் கசிவு உறுதி. இரண்டாம் வகைச் சர்க்கரை என்றால் நோய் கண்டுபிடித்த அன்றிலிருந்தே வருடம் ஒருமுறை இந்தப் பரிசோதனை வேண்டும். முதல் வகை என்றால் ஐந்து வருடம் கழித்து ஆரம்பிக்கலாம்.

பிரஷரை வீட்டில் பார்ப்பது எப்படி

க்ளினிக்கில் பார்க்கும் பிரஷர் பல பேருக்குப் பொய் சொல்லும். பதற்றத்தில் ஏறும் ஆட்களும் உண்டு, அங்கே நன்றாக இருந்து வீட்டில் ஏறுகிற ஆட்களும் உண்டு. மேல்கையில் கட்டும் மெஷினாக வாங்குங்கள், மணிக்கட்டு மெஷின் அவ்வளவு நம்பகமில்லை. பட்டை கைக்குப் பொருத்தமான அளவாக இருக்க வேண்டும். பருத்த கைக்குச் சின்னப் பட்டையைக் கட்டினால் இல்லாத பிரஷரைக் காட்டும். முதுகைச் சாய்த்து, கால் இரண்டும் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல், கையை மேசைமேல் நெஞ்சு உயரத்தில் வைத்து ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். சும்மா என்றால் சும்மா, போனும் வேண்டாம், பேச்சும் வேண்டாம். அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் காபி, சிகரெட், உடற்பயிற்சி இருக்கக் கூடாது. சிறுநீர் முட்டிக்கொண்டிருந்தால் போய்விட்டு வாருங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுத்து எழுதுங்கள். காலையில் மாத்திரைக்கு முன், மாலையில் ஒருமுறை, இப்படி ஒரு வாரம். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மீதிக்குச் சராசரி போட்டால் அதுதான் உங்கள் பிரஷர். தினமும் பத்து முறை பார்த்துப் பதறுவதைவிட, டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தின வாரம் ஒழுங்காக எடுத்த இந்தக் கணக்கு எவ்வளவோ மேல்.

இலக்கு? பெரும்பாலானோருக்கு 130/80-க்குக் கீழே. கிட்னி பாதிப்பு உள்ளவர்களுக்கு மேல் எண்ணை 120-க்குக் கீழேகூடக் கொண்டுபோகலாம் என்று கிட்னி நிபுணர்களின் சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது, ஆனால் அது மிகக் கவனமாக, முறைப்படி அளந்த எண்ணுக்குத்தான் பொருந்தும், தாங்கினால்தான் சரி. வயதானவர்கள், அடிக்கடி தலைசுற்றி விழுகிறவர்கள் ஆகியோருக்கு இலக்கைத் தளர்த்துவதில் தவறே இல்லை. நீண்ட காலச் சர்க்கரையில் நரம்பு பாதித்திருந்தால் உட்காரும்போது 140 இருப்பது எழுந்து நின்றவுடன் 110-க்கு இறங்கும். அதனால் எப்போதாவது நின்றபடியும் அளந்து பாருங்கள்; எழுந்து மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும்.

காலையில் சாப்பிடுவதா இரவிலா என்ற சண்டை ரொம்ப நாளாக நடந்தது. பிரிட்டனில் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2022-ல் வெளியான ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றில் வித்தியாசம் இல்லை என்று வந்துவிட்டது. மறக்காமல் சாப்பிட முடிகிற நேரம்தான் நல்ல நேரம்.

முதல் மாதம்: இங்கேதான் பலர் விட்டுவிடுகிறார்கள்

ப்ரிலோ சார்டனோ ஆரம்பித்து, அல்லது டோஸைக் கூட்டி, இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிட்னி ஏற்கெனவே பலவீனமாக இருந்தால் இன்னும் சீக்கிரமாக, ஓரிரு வாரத்திலேயே. இதை டாக்டர் எழுதித் தரவில்லை என்றால் நீங்களே கேளுங்கள்.

இப்போது அந்த ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு பார்ப்போம். மாத்திரைக்கு முன் கிரியேட்டினின் 1.1 இருந்தது, மூன்று வாரம் கழித்து 1.4 என்று வருகிறது, பக்கத்தில் சிவப்பு எழுத்து வேறு. வீட்டில் எல்லோரும் சேர்ந்து, மாத்திரை கிட்னியைக் கெடுத்துவிட்டது பார் என்று நிறுத்தச் சொல்வார்கள். 1.1-லிருந்து 1.4 என்பது 27 சதவீத ஏற்றம். நான்கு வாரத்துக்குள் 30 சதவீதம் வரை ஏறுவதை மருத்துவர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள். காரணம் மேலே சொன்னதுதான்: வடிகட்டிக்குள் அழுத்தம் இறங்கியதால் அளவுக்கு மீறி வடிகட்டிக்கொண்டிருந்தது குறைகிறது, அந்தக் குறைவு கிரியேட்டினினில் சின்ன ஏற்றமாகத் தெரிகிறது. மாத்திரை வேலை செய்கிறது என்றுதான் பெரும்பாலும் இதற்கு அர்த்தம். மறுபடி ஒருமுறை பார்த்து, எண் அங்கேயே நின்றுவிட்டால் தொடர வேண்டியதுதான். அதுவே 1.1-லிருந்து 1.6 ஆனால் கதை வேறு; 45 சதவீதம் ஏறியிருக்கிறது. உடம்பில் நீர் வற்றியிருக்கிறதா, வலி மாத்திரை ஏதாவது சாப்பிட்டாரா, கிட்னி ரத்தக்குழாயில் அடைப்பு உண்டா என்று டாக்டர் தேடுவார், டோஸைக் குறைப்பார் அல்லது நிறுத்துவார். அந்த முடிவை அவரே எடுக்கட்டும்.

பொட்டாசியம் 5.5-க்கு மேல் போனால் கவனம் வேண்டும். 6-க்கு மேல் என்றால் அன்றைக்கே பார்க்க வேண்டிய விஷயம், இதயத் துடிப்பையே குலைத்துவிடும். பொட்டாசியம் ஏறிவிட்டது என்றவுடனே மாத்திரையைக் கைவிட வேண்டும் என்றில்லை. சாப்பாட்டில் பொட்டாசியத்தைக் குறைப்பது, நீர் பிரியும் மாத்திரை சேர்ப்பது, பொட்டாசியத்தைப் பிடித்து வெளியேற்றும் மருந்து கொடுப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஒன்றை மட்டும் வீட்டிலேயே பாருங்கள்: உப்புக்குப் பதில் 'குறைந்த சோடியம் உப்பு' வாங்கிப் போடுகிறீர்களா? அதில் பெரும்பகுதி பொட்டாசியம் குளோரைடாக இருக்கலாம். ப்ரிலோ சார்டனோ சாப்பிடுகிறவருக்கு, அதுவும் கிட்னி பலவீனமானவருக்கு, அது நல்ல யோசனை இல்லை. சாதாரண உப்பையே நாளுக்கு ஒரு டீஸ்பூனுக்குக் கீழே, அதாவது 5 கிராமுக்குள் வைத்துக்கொள்வதுதான் உத்தமம். உப்பு அதிகமானால் இந்த மாத்திரைகளின் பாதி வேலை வீணாகிவிடுகிறது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

ப்ரில் சாப்பிட்டு வறட்டு இருமல் வருவது சகஜம். பத்துப் பேரில் ஒருவருக்காவது வரும். இருமல் மருந்து குடித்துக்கொண்டே மாதக்கணக்கில் இருமாதீர்கள், சார்டனுக்கு மாற்றினால் போய்விடும். உதடு, நாக்கு, முகம் திடீரென வீங்கினால் அது அவசரம், அடுத்த டோஸ் கிடையாது, நேராக மருத்துவமனை.

டோஸ் விஷயம்

பிரஷர் சரியாகிவிட்டது, சின்ன டோஸே போதும் என்று நின்றுவிடுவது அடிக்கடி நடக்கிறது. கிட்னிக்காக என்றால் தாங்கக்கூடிய அதிகபட்ச டோஸ் வரை போக வேண்டும். 2001-ல் இர்பசார்டனை இரண்டு டோஸ்களில் கொடுத்து, ஆரம்பக் கசிவு உள்ளவர்களை இரண்டு வருடம் பார்த்தார்கள். கசிவு முற்றிப்போனவர்கள் வெற்று மாத்திரையில் ஏறக்குறைய 15 சதவீதம், 150 மில்லிகிராமில் 10 சதவீதம், 300 மில்லிகிராமில் 5 சதவீதம். டோஸ் கூடியபோது பலன் எப்படிப் போகிறது பாருங்கள். ஆகவே சில மாதம் கழித்து ஏசிஆரை மறுபடி எடுங்கள். 420 இருந்தது 280 ஆகியிருந்தால் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது, நல்ல அறிகுறி. 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்பதுதான் 300-க்கு மேல் கசிகிறவர்களுக்கான இலக்கு. பிரஷர் 128 ஆகியும் ஏசிஆர் அசையவே இல்லை என்றால், டோஸைக் கூட்ட இடமிருக்கிறதா என்று கேட்க வேண்டிய நேரம் அது.

ஒன்று நல்லதென்றால் இரண்டும் சேர்ந்தால் இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ப்ரிலையும் சார்டனையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2008-ல் ஒரு பெரிய ஆய்வில் கூடுதல் பலன் இல்லை, தொல்லைதான் அதிகம் என்று தெரிந்தது. சர்க்கரையால் கிட்னி பாதித்தவர்களிடமே நடந்த இன்னொன்றைப் பொட்டாசியம் ஏற்றமும் திடீர்க் கிட்னி பாதிப்பும் காரணமாக முன்கூட்டியே நிறுத்தி, 2013-ல் வெளியிட்டார்கள். இரண்டு வெவ்வேறு டாக்டர்களிடம் போகிறவர்களுக்கு ஒருவர் ரமிப்ரிலும் இன்னொருவர் டெல்மிசார்டனும் எழுதிக்கொடுத்து, இரண்டும் ஒரே டப்பாவில் சேர்ந்துவிடுவது நடக்கக்கூடியதுதான். கூட்டு மாத்திரைகளில் இது இன்னும் சுலபமாக ஒளிந்துகொள்ளும். எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு டாக்டர் மேசையில் கொட்டிக் காட்டுவது நாகரிகக் குறைவு ஒன்றும் இல்லை.

எந்த நாளில் நிறுத்த வேண்டும்

வாந்தி, பேதி, குளிர் காய்ச்சல், சாப்பிடவும் குடிக்கவும் முடியாமல் கிடக்கும் நாள். ஆரம்பத்தில் சொன்ன தவறான நாள் இதுதான். உடம்பில் நீர் வற்றும்போது, வெளியே போகும் குழாயை இறுக்கித்தான் கிட்னி தன் அழுத்தத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். நீங்கள் விழுங்கிய மாத்திரை அந்தப் பிடியைத் தளர்த்திவிட்டிருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் வடிகட்டியில் அழுத்தமே இல்லாமல் போய்க் கிட்னி திடீரென்று படுத்துவிடும். கிட்னியைக் காக்கிற அதே வேலைதான் அன்றைக்கு எதிராகத் திரும்புகிறது.

அதனால் உடம்பு நன்றாக இருக்கும்போதே டாக்டரிடம் கேட்டு, அப்படிப்பட்ட நாளில் எதையெல்லாம் நிறுத்துவது என்று எழுதி வாங்கி மாத்திரை டப்பாவிலேயே ஒட்டிவையுங்கள். வழக்கமாக அந்தப் பட்டியலில் ப்ரில் அல்லது சார்டன், நீர் பிரியும் மாத்திரை, மெட்ஃபார்மின், 'க்ளிஃப்ளோசின்' என முடியும் சர்க்கரை மாத்திரைகள் இருக்கும். இன்சுலின் போடுகிறவர்கள் அதை மட்டும் தாமாக நிறுத்தவே கூடாது, அளவை மாற்ற வேண்டியிருக்கலாம். வழக்கம்போலச் சாப்பிடவும் குடிக்கவும் ஆரம்பித்து ஒன்றிரண்டு நாள் ஆனதும் மாத்திரைகளை மறுபடி தொடங்க வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் மறந்துவிடுகிறார்கள்: பேதிக்காக நிறுத்தியது அப்படியே ஆறு மாதம் நின்றுபோகும். இரண்டு நாளில் சரியாகவில்லை, சிறுநீர் குறைந்துபோகிறது, மயக்கம் வருகிறது என்றால் வீட்டில் காத்திருக்க வேண்டாம்.

வலி மாத்திரையும் இதே கணக்குதான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், நாப்ராக்சென் ஆகியவை உள்ளே வரும் குழாயைச் சுருக்கும். ப்ரில் அல்லது சார்டன், நீர் பிரியும் மாத்திரை, இந்த வலி மாத்திரை மூன்றும் ஒரே ஆளிடம் சேருவதைக் கிட்னி டாக்டர்கள் மூன்று முனைத் தாக்குதலாகப் பார்க்கிறார்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்குகிற பழக்கம் இருந்தால் இன்றோடு விடுங்கள். சொன்ன அளவுக்குள் பாராசிட்டமால், மேலே தடவும் மருந்து, இவற்றில் சமாளிக்க முடியுமா என்று பாருங்கள். வலிக்குக் கொடுத்த கூட்டு மாத்திரையில் பாராசிட்டமாலோடு அசிக்ளோஃபெனாக்கும் இருக்கலாம், அட்டையைப் படிக்காமல் விழுங்காதீர்கள்.

கர்ப்பம் தரிக்கும் எண்ணம் இருக்கிற பெண்கள் ப்ரில், சார்டன் பற்றி முன்கூட்டியே டாக்டரிடம் பேச வேண்டும். கருவில் இருக்கும் குழந்தையின் கிட்னியை இவை பாதிக்கும். எதிர்பாராமல் கர்ப்பம் என்று தெரிந்தால் உடனே டாக்டரைப் பார்த்து மாற்று மாத்திரைக்குப் போங்கள். லாபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா என்று கர்ப்பத்துக்கு ஏற்றவை இருக்கின்றன.

இவற்றோடு சேர்பவை

இருபது வருடத்துக்கு முன் ப்ரிலும் சார்டனும் கொடுத்துவிட்டால் கிட்னி டாக்டரின் கையில் வேறு பெரிய ஆயுதம் இல்லை. இப்போது அப்படி இல்லை. டாபாக்ளிஃப்ளோசின், எம்பாக்ளிஃப்ளோசின், கானாக்ளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகள், விரிந்துபோன உள்வரும் குழாயைச் சுருக்கி மறுபக்கத்திலிருந்து அழுத்தத்தைக் குறைக்கின்றன. சார்டன் வெளிவாசல், இது உள்வாசல். 2019-ல் கானாக்ளிஃப்ளோசின் ஆய்வில், ஏற்கெனவே ப்ரிலோ சார்டனோ சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்களிடமே, கிட்னி செயலிழப்பு உள்ளிட்ட பெரிய பாதிப்புகளின் அபாயம் மேலும் 30 சதவீதம் குறைந்தது. இஜிஎஃப்ஆர் 20 வரை இருந்தாலும் ஆரம்பிக்கலாம். இதிலும் முதல் சில வாரம் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறும், பதற வேண்டாம். பிறப்புறுப்பில் பூஞ்சைத் தொற்று வரலாம், சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள். அறுவை சிகிச்சைக்கு மூன்று நான்கு நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஃபினெரினோன் என்ற மாத்திரையும் செமாக்ளுடைட் ஊசியும் அடுத்த வரிசை. முதலாவதில் பொட்டாசியத்தை அடிக்கடி பார்க்க வேண்டும், இரண்டாவதுக்கு 2024-ல் வெளியான ஆய்வில் பெரிய கிட்னி பாதிப்புகளின் அபாயம் 24 சதவீதம் குறைந்தது. எல்லாம் எல்லோருக்கும் வேண்டும் என்றில்லை, ஆனால் ஏசிஆர் கூடுதலாகவே இருக்கிறவர் 'எனக்கு க்ளிஃப்ளோசின் ஒத்துவருமா' என்று கேட்காமல் இருக்கக் கூடாது.

கிட்னி நன்றாகவே பலவீனமாகிவிட்டது, இனி ப்ரில், சார்டனை நிறுத்தினால் கொஞ்சம் திறன் திரும்பி வருமே என்று ஒரு எண்ணம் மருத்துவர்களிடமே இருந்தது. முற்றிய கிட்னி பாதிப்பு உள்ளவர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு நிறுத்தி, இன்னொரு குழுவுக்குத் தொடர்ந்து மூன்று வருடம் பார்த்த ஆய்வு 2022-ல் வந்தது. நிறுத்தியவர்களுக்கு எந்த லாபமும் இல்லை. எண் கெட்டுப்போய்விட்டது, இனி மாத்திரை எதற்கு என்று தாமாக நிறுத்துகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கிட்னி நிபுணரிடம் எப்போது போவது? இஜிஎஃப்ஆர் 30-க்குக் கீழே இறங்கினால், ஏசிஆர் சிகிச்சைக்குப் பிறகும் 300-க்கு மேலேயே நின்றால், இஜிஎஃப்ஆர் வருடத்துக்கு 5-க்கு மேல் சரிந்துகொண்டே போனால், மூன்று நான்கு மாத்திரை போட்டும் பிரஷர் அடங்காவிட்டால், சிறுநீரில் ரத்தம் தெரிந்தால். போகும்போது கடைசி ரிப்போர்ட்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். பழைய கிரியேட்டினின், ஏசிஆர், பொட்டாசியம் எல்லாவற்றையும் தேதியோடு ஒரே தாளில் வரிசையாக எழுதி, எந்தத் தேதியில் எந்த மாத்திரை ஆரம்பித்தது, எப்போது டோஸ் மாறியது என்று பக்கத்தில் குறித்துக்கொண்டு போங்கள்.